அரைப்பேர்

குண்டனி நாடு, கொல்லிமலை
பவ வருஷம், தை 12

தம்பி சின்னையனுக்கு அக்காள் அத்தாயி எழுதுவது. இங்கே நானும் மாடு கன்றும் நலம். உன் மாமன் பாதி நலம். நீ முழு நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றால் மறைக்காமல் எழுது.

நீ இலங்கைக்குப் போகுமுன் சொல்லிக்கொடுத்த எழுத்தில், யார் உதவியும் இல்லாமல் எழுதும் முதல் கடிதம் இது. 'ழ' மட்டும் இன்னும் என் கைக்கு அடங்கவில்லை. சிரிக்காதே.

பொங்கல் கழிந்ததிலிருந்து உன் மாமனுக்குக் குளிர்காய்ச்சல். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது. வெயில் உச்சிக்கு ஏறும்போது பல் அடிக்கத் தொடங்கும். மூன்று கம்பளி போர்த்தினாலும் நடுக்கம் நிற்காது. பிறகு உடம்பு கொதிக்கும். பொழுது சாயும்போது வியர்த்து ஊற்றி, எழுந்து உட்கார்ந்து, "கஞ்சி இருக்குதா?" என்பார். மறுநாள் களத்துக்குப் போய்விடுவார். தடுத்தால், "நேத்து சும்மாத்தானே கெடந்தேன்? இன்னிக்கும் கெடக்கோணுமா?" என்கிறார்.

அவருடைய அண்ணனும் இப்படித்தான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று கிடந்தார். பிறகு தினமும் வந்தது. போன ஆடியில் அவரைக் கொண்டுபோய்ப் புதைத்தோம். தம்பி, என் புருஷனை நான் விடுவதாக இல்லை.

முள்ளுக்குறிச்சிக் கடைக்காரர் அருணாசலம் மிளகு வாங்க மாதம் ஒரு முறை மலையேறி வருகிறார். இந்தக் கடிதத்தையும் அவர்தான் ராசிபுரம் கொண்டுபோய்த் தபாலில் சேர்க்கிறார். உங்கள் பக்கமும் காய்ச்சல் என்று அவர் சொன்னார். அங்கே காய்ச்சல்காரர்களுக்கு என்ன செய்கிறார்கள்? எத்தனை நேரம் வேலை வாங்குகிறார்கள்? எல்லாம் எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அத்தாயி

---

கேகாலைப் பக்கம், இலங்கை
10-2-1935

அன்பு அக்காளுக்கு, தம்பி சின்னையன் வணங்கி எழுதுகிறேன். நான் நலம். உன் 'ழ' பார்த்தேன். வால் முளைத்த தவளை மாதிரி இருந்தது. ஆனாலும் புரிந்தது.

இங்கே ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலை. விடிவதற்கு முன் தப்பு மேளம் அடிப்பார்கள். ஐந்தரை மணிக்கு எல்லோரும் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். ஆறு மணிக்கு மரத்தடியில் இருக்க வேண்டும். மாலை நாலு மணிக்கு விடுவார்கள். மழையோ வெயிலோ, மணி மாறாது. நம் ஊரில் "மரத்து நிழல் காலடிக்கு வந்துருச்சு, கஞ்சி குடிக்கலாம்" என்போமே, அந்தப் பேச்சு இங்கே நடக்காது. நிழல் எங்கே இருந்தாலும், தொங்கவிட்ட இரும்பை மணியாக அடித்தால்தான் கஞ்சி.

காய்ச்சலைப் பற்றிக் கேட்டாய். இந்த வருஷம் இங்கே ஊர் ஊராகச் சாய்ந்துவிட்டது. அதனால் தோட்டத்து மருந்து ஐயா காலையில் வரிசையில் நிற்கும்போதே ஒவ்வொருவருக்கும் கொயினா மாத்திரை கொடுக்கிறார். நோவு இருக்கிறதோ இல்லையோ, விழுங்கினால்தான் வேலைக்கு விடுவார். மேலே சர்க்கரைப் பூச்சு, கடித்தால் அப்படி ஒரு கசப்பு. ஆனால் குளிர்காய்ச்சல் அதற்குத்தான் அடங்குகிறது. மாமாவுக்கு அதுதான் வேண்டும். எப்படியாவது வழி பார்க்கிறேன்.

பக்கத்து அறையில் இருப்பவன் அர்த்தனாரி. ராசிபுரத்துக்காரன், நல்ல துணை. போன வாரம் எனக்கு இரண்டு நாள் அரைப்பேர்தான் போட்டார்கள். மற்றபடி விசேஷம் இல்லை.

மாமாவுக்கு என் வணக்கம். வெந்நீர் மட்டும் குடிக்கச் சொல்.
சின்னையன்

---

குண்டனி நாடு
மாசி 16

தம்பி சின்னையனுக்கு அக்காள் எழுதுவது. வீட்டில் எல்லோரும் இருக்கிறோம். நலமா என்று கேட்காதே. உன் கடிதம் வந்த நாள் முதல் சோறு இறங்கவில்லை.

என்ன காரியம் செய்தாய்? உன் பேரை எழுதிவிட்டார்களா? இங்கே காட்டுக் காவல்காரன் நோட்டில் பேர் எழுதினால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா? பெரிய மரத்தை வெட்டினாயா, யாரையாவது அடித்தாயா? அதிலும் அரைப்பேர் என்றால் என்ன? 'சின்னை' என்று எழுதி நிறுத்திவிட்டார்களா? மிச்சப் பேரையும் எழுதினால்தான் ஜெயிலா?

உன் மாமனிடம் படித்துக் காட்டினேன். அன்றைக்குக் காய்ச்சல் நாள். கம்பளிக்குள்ளிருந்தே, "மாப்பிள்ள திருட மாட்டான். எவனோ பொய்க் கேசு போட்டிருக்கறான்" என்று சொல்லிவிட்டு, நடுங்கிக்கொண்டே எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். எங்கே போக என்று அவருக்கும் தெரியவில்லை. பிடித்துப் படுக்கவைத்தேன். பெரியசாமி கோயிலுக்கு ஒரு சேவல் நேர்ந்திருக்கிறேன்.

உடனே உண்மையை எழுது. தப்பு செய்திருந்தாலும் எழுது. நான் திட்டமாட்டேன். கொஞ்சம் திட்டுவேன்.

கண்ணு, பத்திரமாக இரு.
அத்தாயி

---

கேகாலைப் பக்கம்
12-3-1935

அன்பு அக்காளுக்கு, தம்பி வணக்கத்துடன். இருவர் சுகமும் வேண்டுகிறேன். சேவலுக்கு ஆயுசு கெட்டி. அதைக் கூண்டிலேயே விடு.

உன் கடிதத்தை அர்த்தனாரியிடம் படித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இந்தத் தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை, அக்கா. நாள் முழுவதும் நின்றால் கணக்கப்பிள்ளை நம் பேருக்கு நேராக ஒரு கோடு போடுவார். அது முழுப்பேர். பாதி நாளில் வேலையை விட்டால் அரைப்பேர், பாதிக் கூலி. கேசும் இல்லை, ஜெயிலும் இல்லை. இங்கே ஒருவரை ஒருவர் பார்த்தால், "சாப்பிட்டாயா?" என்பதற்கு முன்னால் "இன்னைக்கிப் பேரா?" என்றுதான் கேட்போம். பழகிப்போனதால் உனக்கும் அப்படியே எழுதிவிட்டேன். என் தவறுதான்.

இதோடு காகிதத்தில் மடித்து மாத்திரைகள் வைத்திருக்கிறேன். காலையில் ஒன்று, இரவில் ஒன்று, ஏழு நாள் விடாமல் கொடு. காய்ச்சல் வராத நாளிலும் கொடுக்க வேண்டும். அதில்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். இது எப்படிக் கிடைத்தது என்று கேட்காதே. இங்கே மாத்திரைக்குப் பஞ்சம் இல்லை.

மாமா விழுங்க மாட்டேன் என்பார். அதை நீ பார்த்துக்கொள்வாய் என்று தெரியும்.
சின்னையன்

---

குண்டனி நாடு
பங்குனி 19

அருமைத் தம்பிக்கு அக்காள் எழுதுவது. நீ நலமாக இரு. நாங்கள் நலம். இந்த முறை நெஞ்சாரச் சொல்கிறேன், நலம்.

உன் மாமன் விழுங்க மாட்டேன் என்றுதான் சொன்னார். "சீமை மருந்து குடலைக் கருக்கிப்போடும்" என்றார். நான் எதிர்த்துப் பேசவில்லை. களி உருண்டைக்குள் வைத்தேன். அவருக்குக் களியை மெல்லும் வழக்கம் இல்லை என்பதுதான் வசதி. மூன்றாம் நாள் மட்டும் எப்படியோ பல்லில் கடித்துவிட்டார். "ஏம்புள்ள, களிக்குள்ள வேப்பங்கொட்டைய வச்சுத் திங்கக் குடுக்கறயா?" என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். விரலை மடித்து நாள் எண்ணினார். பிறகு, "இன்னைக்குக் காச்சல் நாளல்ல? வரலையே" என்றார். அதற்குப் பிறகு அவராகவே கேட்டு வாங்கி விழுங்கினார்.

ஒரு சந்தேகம். அங்கே நோவு கண்டவனை எங்கே வைக்கிறார்கள்? யார் பக்கத்தில் உட்காருகிறார்கள்? அவன் வேலையை யார் செய்கிறார்கள்? இவர் கிடந்தபோது எங்கள் கொல்லையில் பயறு பறித்ததெல்லாம் ஊர்க்காரர்கள்தான். பாப்பாத்தி தினமும் வந்து, நான் தண்ணீருக்குப் போய்த் திரும்பும்வரை இவர் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பாள். காய்ச்சல்காரரைத் தனியே விடுவது நமக்கு வழக்கமில்லையே. அங்கே எப்படி?

வெல்லம் கொஞ்சம் அனுப்ப ஆசை. தபாலில் எறும்பு தின்றுவிடும் என்று அருணாசலம் சொல்லிவிட்டார்.
அத்தாயி

---

கேகாலைப் பக்கம்
15-4-1935

அன்பு அக்காளுக்கு, தம்பி வணக்கம். மாமா எழுந்துவிட்டார் என்று படித்து, அந்த வரியை மட்டும் நாலு தடவை படித்தேன். நான் இருக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில். இங்கே ஆஸ்பத்திரி உண்டு. ஓட்டுக் கட்டிடம், பத்துக் கட்டில். படுத்தவனுக்குக் கஞ்சி, மருந்து எல்லாம் உண்டு. உறவும் அல்லாத, நம் ஊரும் அல்லாத ஒருவர் வந்து நாடி பிடித்துப் பார்த்துவிட்டுப் போகிறார். அது பெரிய காரியம்தான். நம் மலையில் அதற்கு ஆள் இல்லை. ஆனால் படுத்த நாளுக்குப் பேர் கிடையாது. அதனால் முடிந்தவரைக்கும் யாரும் போய்ப் படுப்பதில்லை. அறையிலேயே கிடப்பார்கள்.

பக்கத்தில் உட்கார யாருக்கும் நேரம் இல்லை, அக்கா. கல் நெஞ்சு என்று நினைக்காதே. தப்பு அடித்ததும் எல்லோரும் போய்விட வேண்டும். எனக்குத் தெரிந்த ஓர் ஆள் போன வாரம் காய்ச்சலில் அறையில் கிடந்தான். ஆறு மணியிலிருந்து நாலு மணிவரை மனிதக் குரலே இல்லை. தண்ணீர்க் குடம் அறைக்கு அந்த மூலையில். நாலு எட்டுத்தான். அதை எட்டிப்பிடிக்க அவனுக்குப் பாதிப் பகல் ஆயிற்று. அப்போது அவன் நம் ஊரைத்தான் நினைத்தானாம்.

மறுபடி வந்தால் கைவசம் இருக்கட்டும் என்று இன்னும் சில மாத்திரைகள் வைத்திருக்கிறேன். இந்த மாதமும் எனக்கு அரைப்பேர்தான் அதிகம். வெட்டும் மரங்கள் சரியில்லை.
சின்னையன்

---

குண்டனி நாடு
யுவ வருஷம், சித்திரை 21

தம்பி சின்னையனுக்கு அக்காள். புது வருஷம் உனக்கு நல்லதாக அமையட்டும். நாங்கள் சுகம்.

அந்த ஆள் யார்? அவனுக்கு இப்போது எப்படி இருக்கிறது? நீயும் அர்த்தனாரியும் காலையில் போகும்போது அவன் தலைமாட்டில் ஒரு செம்புத் தண்ணீராவது வைத்துவிட்டுப் போங்கள். இதைச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

உன் மாத்திரையின் புகழ் நாடு முழுக்கப் பரவிவிட்டது. ஆலத்தூர் நாட்டிலிருந்துகூட ஒருவர் வந்து கேட்டார். பாப்பாத்தியின் மகளுக்கும் அதே குளிர். ஐந்து வயசுக் குழந்தை. மிச்சம் இருந்ததைப் பாதி பாதியாக உடைத்துக் கொடுத்தேன். நின்றது. மூன்று வாரத்தில் திரும்ப வந்துவிட்டது. இவர் கிடந்தபோது எனக்காகத் தண்ணீர்க் குடத்தையும் இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்தவள் பாப்பாத்தி. அவளுக்கு இல்லை என்று சொல்ல என் வாய் வரவில்லை. பஞ்சம் இல்லை என்று எழுதினாயே, இன்னும் கொஞ்சம் அதிகமாகவே அனுப்பு, சாமி. ஒரு குழந்தையைக்கூட இந்த வருஷம் காய்ச்சலுக்குக் கொடுப்பதில்லை என்று இருக்கிறேன்.

உன் மாமன் கலப்பைக்குக் கொழு மாற்றிவிட்டார். முதல் மழைக்குக் காத்திருக்கிறார்.
அத்தாயி

---

கேகாலைப் பக்கம்
2-6-1935

அக்காளுக்கு வணக்கம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். கை கொஞ்சம் ஆடுகிறது. பால் வாளி தூக்கித் தூக்கி வந்தது.

நீ கேட்டபடி மாத்திரை வைத்திருக்கிறேன். பாப்பாத்தி அக்காவின் மகளுக்கு ஏழு நாளும் கொடு. குறைக்காதே.

அந்த ஆள் இருக்கிறான். பேர் முழுசாக விழுவதில்லை. அவ்வளவுதான்.
சின்னையன்

---

ராசிபுரம் தபாலாபீஸ் திண்ணை
ஆனி 9

சின்னையா,

சுகம் கேட்டு எழுதவில்லை. உன் சுகம் எனக்குத் தெரிந்துவிட்டது.

மாத்திரைப் பொட்டலத்தைப் பிரித்தேன். முன்பெல்லாம் வழுவழுவென்று சர்க்கரைப் பூச்சோடு இருந்தன. இவற்றில் பூச்சு கரைந்து, சொரசொரவென்று இருந்தது. இரண்டு ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஒன்றில் பல் தடம். பிறகு உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துப் படித்தேன். அரைப்பேர், அரைப்பேர், அரைப்பேர். பாதி நாளுக்கு மேல் நிற்க முடியாதவனுக்குத்தானே அது விழும்? அந்த ஆள் நீதான்.

மருந்து ஐயா கொடுத்ததை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, அவர் நகர்ந்ததும் எடுத்து உலர்த்தி எனக்கு அனுப்பியிருக்கிறாய். முன்பெல்லாம் பூச்சு கரையுமுன் எடுத்திருப்பாய், இப்போது காய்ச்சலில் அந்தச் சுறுசுறுப்பும் இல்லை. என் புருஷனை எழுப்பிவிட்டு நீ படுத்துக்கொண்டாய். இன்னும் அனுப்பு என்று வேறு நான் எழுதினேன். உன்மேல் வருகிற கோபத்துக்கு அளவில்லை.

உன் மாமனிடம் சொன்னேன். கையிலிருந்த சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்துவிட்டார். அருணாசலம் வருவதற்குக் காத்திருக்க எங்களுக்குப் பொறுமை இல்லை. இந்த மாத்திரைகளை என் கையாலேயே உனக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று இருவரும் மலை இறங்கினோம். ராசிபுரம் தபாலாபீசுக்கு நான் வந்தது இதுதான் முதல் தடவை.

தபால்காரர் பொட்டலத்தை வாங்கி, "உள்ள என்னம்மா?" என்று கேட்டார். "கொயினாங்க. இலங்கையில என் தம்பிக்கு" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டார். "கொயினாவையா கடல் தாண்டி அனுப்பறீங்க? நாங்களே விக்கிறமே" என்று மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். அடுக்கி வைத்திருந்தார், தம்பி. காலணாப் பொட்டலம். பல வருஷமாக இங்கேதான் விற்கிறார்களாம். மலைக்காரர் யாரும் வந்து கேட்டதில்லையாம். உனக்கு நான் எழுதிய கடிதங்கள் எல்லாம் அந்த மேசையின் மேல்தான் முத்திரை குத்தப்பட்டிருக்கின்றன. அதற்கு ஒரு சாண் கீழே மருந்து இருந்திருக்கிறது. நமக்குத் தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதேன். வெட்கப்படவில்லை.

நம் ஊருக்குப் போதுமான அளவு வாங்கிக்கொண்டேன். இனி மாதம் ஒரு முறை நானே இறங்குவேன். பாப்பாத்தியும் வருவாள். மலையில் இனி இதற்கு யாரும் உன்னை எதிர்பார்க்க மாட்டார்கள்.

இதோடு உன் மாத்திரைகள் இருக்கின்றன. இன்றே ஆஸ்பத்திரியில் போய்ப் படு. பேர் போனால் போகட்டும். நீ இருந்தால் போதும்.

உன் மாமன் என்னோடு மலையேற மாட்டாராம். ராசிபுரத்தில் ஒரு வேலை என்று, விசாரித்துக் கண்டுபிடித்த அர்த்தனாரியின் அண்ணன் வீட்டில் தங்குகிறார்.
அத்தாயி

---

தோட்டத்து ஆஸ்பத்திரி, கேகாலைப் பக்கம்
4-8-1935

அன்பு அக்காளுக்கு, தம்பி சின்னையன் கட்டிலில் சாய்ந்தபடி எழுதுகிறேன். நீ சொன்னபடி மறைக்காமல் நலத்தை முதலில் சொல்கிறேன். காய்ச்சல் விட்டு ஒன்பது நாள் ஆகிறது. எழுந்து வாசல்வரை நடக்கிறேன்.

உன் கடிதம் வந்தபோது எனக்கு நினைவு சரியாக இல்லை. அர்த்தனாரிதான் படித்தானாம். படித்துவிட்டு நேரே மருந்து ஐயாவிடம் போய்ச் சொல்லிவிட்டான். என்னைத் தூக்கி வந்து இங்கே போட்டார்கள். ஐயா திட்டவில்லை. "எத்தனை மாதமாக?" என்று மட்டும் கேட்டார். உனக்கு நான் சொல்லவில்லை. மன்னித்துக்கொள். மாமாவுக்குக் கிடைத்தால் போதும், எனக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் நினைத்தேன்.

ராசிபுரத்தில் என்ன வேலை என்று நீயும்தான் எனக்குச் சொல்லவில்லை.

போன மாதம் கடைசியில் ஒரு நாள், எல்லோரும் மரத்துக்குப் போய்விட்ட நேரம். யாரோ தலைமாட்டில் உட்காருவது தெரிந்தது. கனவு என்று கண்ணை மூடிக்கொண்டேன். "மாப்பிள்ள, தண்ணி வேணுமா?" என்று கேட்டது. தம்பியைப் பார்க்கக் கிளம்பிய அர்த்தனாரியின் அண்ணனோடு ரயிலேறி, கப்பலேறுமுன் நோய் பார்க்கும் மண்டபம் முகாமில் அடைபட்டுக் கிடந்து, கப்பலில் வாந்தியெடுத்து, இந்த ஆனிவரை மலையைவிட்டு ஐந்து மைல் தாண்டாத மனுஷன் வந்து சேர்ந்திருக்கிறார்.

மருந்து ஐயா வந்து, நோயாளியைப் பார்க்கும் நேரம் நாலிலிருந்து ஐந்துவரைதான், இப்போது வெளியே போகவேண்டும் என்றார். மாமா எழுந்து நின்று கும்பிட்டார். "பாக்க வரலீங்க சாமி. உக்கார வந்தனுங்க" என்றார். ஐயா கடிகாரத்தைக் காட்டினார். சட்டம் சட்டம்தான் என்று வெளியே அனுப்பினார். மாமா போய் ஜன்னலுக்கு நேராகத் தரையில் உட்கார்ந்துகொண்டார். மழை வந்தது. எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் ஐயாவே கூப்பிட்டு ஒரு முக்காலி கொடுத்தார்.

உழவு நேரத்தில் விட்டுவிட்டு வந்தீர்களே என்று கேட்டேன். "ஊரு ஓட்டிப்போடும். நீ பேசாத கெட" என்றார்.

ஐயா காலையில் மாத்திரை கொடுத்துவிட்டு நகர்ந்ததும், மாமா முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "வாயத் தொற" என்கிறார். திறக்கிறேன். விரலை விட்டு நாக்கைத் தூக்கிப் பார்க்கிறார், கன்னத்துக்குள்ளும் தடவிப் பார்க்கிறார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் சிரிக்கிறார்கள். அவருக்குச் சிரிப்பு வருவதில்லை. இன்றைக்கும் பார்த்துவிட்டுத்தான் எழுதக் காகிதம் கொடுத்தார்.

உன் தம்பி,
சின்னையன்